அன்னமுத்துவின் கல்வெட்டில் ஒரு பொய்

இப்போது கல்வெட்டு அடிக்கிற கடைகளில் ஒரு படிவம் கொடுக்கிறார்கள். பெயர், பிறந்த இடம், தாய் தகப்பன், பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று பெட்டி பெட்டியாகக் கோடு போட்டிருக்கிறது. செத்தவீட்டுக்காரர் அதை நிரப்பி, கைத்தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பினால் பின்னேரம் புத்தகம் வந்துவிடும். எங்கள் அச்சகம் இருந்த இடத்தில் அப்படி ஒரு கடையை இரண்டு சகோதரிகள் நடத்துகிறார்கள். பழைய ஆள் என்று இடைக்கிடை என்னைப் பிழை பார்க்கக் கூப்பிடுவார்கள். போன மாதம் ஒரு பெயரின் கீழ் விரலை வைத்து, "இவர் இருக்கிறாரோ?" என்று மூன்று தரம் கேட்டுவிட்டேன். வீட்டுக்காரரே எழுதித் தந்ததுதானே, ஏன் ஐயா இப்படிப் பயப்படுகிறீர்கள் என்று மூத்தவள் கேட்டாள். அவளுக்கு வாயால் சொல்ல வரவில்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கல்வெட்டு என்றதும் வெளியூர்க்காரர் கோயில் சுவரை நினைப்பார்கள். எங்கள் ஊரில் அது ஒரு மெல்லிய புத்தகம். ஆள் செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து வீட்டில் சாப்பாடு கொடுக்கும்போது வந்தவர் எல்லோர் கையிலும் ஒன்று கொடுப்பார்கள். முதற் பக்கத்தில் படம், பிறகு தேவாரம், பிறகு செத்தவரின் வாழ்க்கையைச் சொல்லும் பாட்டு, கடைசியில் உறவினர் பட்டியல். பாட்டை ஒருவரும் வாசிப்பதில்லை. பட்டியலை வாசிக்காதவர் ஒருவரும் இல்லை. அந்தப் பட்டியல்தான் என் வேலை.

எழுபதுகளில் அச்சுக் கோக்கப் போனவன் நான். கண் மந்தம், ஆனால் சைக்கிள் நன்றாக ஓடுவேன் என்று கண்டு விபரம் எடுக்க அனுப்பிவிட்டார்கள். பயிற்சி என்று சொல்ல அவ்வளவுதான்.

முதலாளியை எல்லோரும் இராசையாப் புலவர் என்பார்கள். பாட்டு அவரே கட்டுவார். ஒரு மணித்தியாலத்தில் இருபது விருத்தம் வரும். அந்தப் பாட்டுகளில் செத்தவர் எல்லோரும் ஒரே மாதிரி நல்லவர்களாக இருப்பார்கள். ஆனால் பட்டியலில் அவர் காட்டிய கண்டிப்பு வேறு. பிழை பார்க்க அடித்த புறூப் தாளை மேசையில் வைக்கமாட்டார். நின்றபடியே ஒரு கையில் பிடித்து, மற்றக் கையின் சுட்டுவிரலைப் பெயரின் கீழ் வைத்து உரத்து வாசிப்பார். ஒவ்வொரு பெயருக்கும் நிறுத்தி, "இருக்கிறாரோ?" என்று கேட்பார். இருக்கிறார் ஐயா என்றால் விரல் அடுத்த பெயருக்குப் போகும். இல்லை என்றால் முன்னால் ‘காலஞ்சென்ற’ என்ற சொல் இருக்கிறதா என்று பார்ப்பார். எல்லாம் முடிந்த பிறகு தாளின் மூலையில் தன் பெயரின் முதல் எழுத்தை வைப்பார். அந்த எழுத்து இல்லாத தாள் மெசினுக்குப் போகாது.

அந்தக் கண்டிப்புக்கு நானும் ஒரு காரணம். சேர்ந்த முதல் வருடமே, உயிரோடிருந்த ஒரு தாய்மாமனைக் காலஞ்சென்றவர் ஆக்கிவிட்டேன். மனிதர் குடையும் கையுமாக அச்சகத்துக்கே வந்து கதிரையில் இருந்து, "நான்தான் அந்தச் செத்தவன்" என்றார். புலவர் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். எஞ்சியிருந்த பிரதிகள் எல்லாவற்றிலும் நான் கடதாசி ஒட்டி மறைத்தேன். ஆறு மாதத்தில் அந்த மனிதர் உண்மையாகவே போய்ச் சேர்ந்தார். நீரிழிவுதான் காரணம் என்று எனக்குத் தெரியும். என்றாலும் அவருடைய மனைவி வருகிற தெருவில் நான் பிறகு போகவில்லை.

விபரம் எடுக்கப் போவதற்கும் ஒரு கணக்கு இருந்தது. மூன்றாம் நாள் சாம்பல் அள்ளுகிற காடாத்து முடிந்து, எட்டாம் நாள் படையலான எட்டுச்சிலவுக்கு முன் போய்விட வேண்டும். அதற்கு முதல் போனால் அழுகை. பிறகு போனால் காணிச் சண்டை. ஒரு பெயரைப் பிறந்த பக்கத்தில் ஒருவரிடமும் கட்டிய பக்கத்தில் ஒருவரிடமும் கேட்க வேண்டும். பெண்ணென்றால் சீதனக் காணி உறுதிப் பத்திரத்தை வாங்கிப் பார்க்க வேண்டும். எழுதியதைக் கொண்டுபோய் வாசித்துக் காட்ட வேண்டும். எல்லாம் பொய்த்துப்போனால் துடக்கு, அதாவது சாவுத் தீட்டு, யாருக்கென்று கேட்க வேண்டும். உறவு இல்லை என்று வாயால் சொல்லுகிறவர்கூடத் துடக்கை மறைப்பது கஷ்டம். ஊருக்குள் திருவிழா நடக்கும்போது யார் கோயில் வாசலை மிதிக்கவில்லை என்று ஐயரைக் கேட்டால் போதும், இரத்த உறவு தெரிந்துவிடும்.

எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு இந்த வேலை கொஞ்சம் கொஞ்சமாகப் பயப்படுகிற வேலையாக மாறியது. என் பையில் இருந்த கொப்பியில் பெயர்கள், பெயருக்குப் பக்கத்தில் அவரவர் இப்போது இருக்கிற ஊர். மகன் இன்னார், அடைப்புக்குறிக்குள் கொழும்பு, கனடா, அடுத்த கிராமம். அது எங்கள் வழக்கம். அப்படி எழுதாவிட்டால் உறவினர் கோபிப்பார்கள். ஒருவனைத் தேடுகிறவருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும் என்று நான் அதுவரை யோசிக்கவேயில்லை. ஒருநாள் தெருவில் சோதனை போடுகிற சென்றியில் ஒரு சிப்பாய் கொப்பியைப் பிரித்து இவர்கள் யார் என்று சைகையால் கேட்டார். கண்ணை மூடித் தலையைச் சரித்துச் செத்தவர்கள் என்று காட்டினேன். அவர் பக்கங்களைப் புரட்டிப் பெயர்களை எண்ணிவிட்டு, இத்தனை பேரையும் நான்தான் கொன்றேனோ என்பது போலப் பார்த்தார். வெயிலில் இரண்டு மணித்தியாலம் முழங்காலில் நின்றேன். அன்றிலிருந்து ஊர்ப் பெயர்களை எழுதுவதை விட்டு மனதில் வைத்துக்கொண்டேன். நான் பயந்த சுபாவம். இதை வெட்கமில்லாமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மிச்சக் கதை அதில்தான் கிடக்கிறது.

அன்னமுத்து செத்தது எண்பதுகளின் கடைசியில். சண்டிலிப்பாயில் தம்பிப்பிள்ளை என்ற புகையிலைத் தோட்டக்காரர் வீட்டில் நாற்பது வருடம் சமைத்து, அவருடைய பிள்ளைகளை வளர்த்துவிட்ட பெண். மஞ்சள் காமாலையில் போய்விட்டா. அவவுக்கு ஒரு முழுக் கல்வெட்டு வேண்டும் என்று தம்பிப்பிள்ளையர் பிடிவாதமாக நின்றார். நான் கொப்பியைத் திறந்து தகப்பன் பெயர் கேட்டேன். தெரியாது. பிறந்த ஊர்? தெரியாது. தென்மராட்சிப் பக்கத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்தவ என்பது மட்டும் தெரியும். பெட்டியில் இரண்டு சேலையும் ஒரு திருநீற்றுப் பையும். நாற்பது வருடம் ஒரே கிணற்றில் தண்ணீர் குடித்துவிட்டு, யாருடைய பிள்ளை என்று ஒருவரும் கேட்டிருக்கவில்லை. தம்பிப்பிள்ளையர் தலையைக் குனிந்துகொண்டார். கொள்ளி வைத்தவர் அவர்தான். அந்தியேட்டியில் சொல்வதற்குத் தகப்பன் பெயர் இல்லாமல் அவ போகக்கூடாது என்றார்.

அவருடைய மனைவிக்கு ஒன்று ஞாபகம் வந்தது. வருடம் தவறாமல் ஆனி மாதத்தில் ஒருநாள் அன்னமுத்து சாவகச்சேரிப் பக்கத்தில் ஒரு பிள்ளையார் கோயில் தேருக்குப் போய்வருவா. வேறெங்கும் போனதில்லை. அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு நான் புறப்பட்டேன். மூன்று இடத்தில் இறக்கிச் சோதித்தார்கள். கொப்பியைக் கொண்டுபோகவில்லை.

அந்தப் பிள்ளையார் கோயில் ஐயரிடம் துடக்கு விசாரித்தேன். துடக்கென்று ஒருவரும் சொல்லவில்லை, ஆனால் தினமும் பூமாலை கட்டுகிற பரமேசுவரி இரண்டு கிழமையாக வரவில்லை என்றார். அன்னமுத்து செத்தும் அன்றைக்குப் பதினாலு நாள்.

பரமேசுவரிக்கு நாற்பது நாற்பத்தைந்து வயது. கணவன் இல்லை. வேலிப் படலைக்குள் வைத்தே, அப்படி ஒருவரைத் தனக்குத் தெரியாது என்றா. நான் திரும்பிப் போகிறவன் போல நின்று, அப்படியானால் ஏன் பிள்ளை கோயிலுக்குப் போகவில்லை என்று கேட்டேன். உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து என் கையில் தந்தா. நான் குடித்து முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றா.

"அவ என்னைப் பெத்தவ" என்றா.

கதை நீண்டதல்ல. அன்னமுத்துவுக்கு இருபது வயதில் புருசன் செத்துப்போனார். கையில் இரண்டு வயதுப் பிள்ளை. தமையனும் மனைவியும் பிள்ளையை எடுத்துக்கொண்டார்கள், தங்கள் பிள்ளையாகவே பதிவதென்றும், பெற்றவள் உரிமை கொண்டாடி வருவதில்லை என்றும் பேச்சு. பதிவில் தமையன்தான் தகப்பன். அதன் பிறகு வருடத்தில் ஒருநாள், தேர் இழுபடுகிற கூட்டத்துக்குள் தாயும் மகளும் ஒரு மணித்தியாலம் கதைப்பார்கள். பத்திரிகையில் மரண அறிவித்தல் பார்த்துச் செத்தவீட்டுக்குப் போய், யாரோ வழியில் போகிறவள் போலப் படலையோடு நின்றுவிட்டுத் திரும்பினேன் என்றா. வளர்த்தவர்கள் இருவரும் இப்போது இல்லை.

"அண்ணை, என்ரை பேரைப் போடுங்கோ. அவவின்ரை மகள் எண்டு ஒரு எழுத்திலயாவது கிடக்கட்டும்."

அன்னமுத்துவின் தகப்பன் பெயர், புருசன் பெயர், எல்லாம் சொன்னா. ஒரே மகன் சிவநேசன், இருபது வயது. அவனையும் பேரன் என்று போடச் சொன்னா. எங்கே இருக்கிறான் என்று வழக்கப்படி கேட்டேன். கொஞ்சம் தயங்கி, அரியாலையில் ஒரு வீட்டில் என்றா. நான் வெறுங்கையோடு போயிருந்தாலும் எல்லாவற்றையும் மனதில் ஏற்றிக்கொண்டு மகிழ்ச்சியோடு வந்தேன். இவ்வளவு இருட்டிலிருந்து ஒரு வம்சத்தைத் தோண்டி எடுத்த பெருமை எனக்கு.

ஐந்து நாள் கழித்து வாசித்துக் காட்டப் போனபோது வீடு கிளறப்பட்டிருந்தது. பாய், பெட்டி, நெல்லு மூட்டை எல்லாம் முற்றத்தில். மகனைத் தேடி வந்தார்களாம். யார் வந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த நாட்களில் தேடி வருகிறவர்கள் பல விதம், உடுப்பைப் பார்த்து முடிவு சொல்ல முடியாது. பையன் என்ன செய்தான், எந்தப் பக்கத்துக்குச் செய்தான் என்றும் கேட்கவில்லை. தெரியாதது எனக்குப் பாதுகாப்பு. அவனை வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஆள் ஒழுங்காகியிருக்கிறது, இரண்டு கிழமை கிடைத்தால் தப்பிவிடுவான் என்றா. நான் எழுதி வந்த தாளை வாங்கி, அவனுடைய பெயர் இருந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தா. பெயரை எடுத்துவிடலாம் பிள்ளை என்றேன்.

"எடுத்தால் ஒளிச்சு வைச்சிருக்கிறன் எண்டு தெரிஞ்சிடும். செத்திட்டான் எண்டு நாக்கால சொன்னால் நம்பமாட்டினம். கல்வெட்டில கிடந்தால் ஆரும் கேள்வி கேக்காயினம். அவன்ரை பேருக்கு முன்னால அந்தச் சொல்லைப் போட்டுவிடுங்கோ, அண்ணை."

அது தாய் சொல்லுகிற சொல்லில்லை என்றேன்.

"தாய் சொன்னால்தான் நம்புவினம்."

அச்சு ஏறியது. புலவர் புறூப் தாளைப் பிடித்து நின்று வாசிக்கத் தொடங்கினார். தம்பிப்பிள்ளையர் குடும்பம், பரமேசுவரி, ஒவ்வொன்றுக்கும் கேட்டார், நான் சொன்னேன். விரல் கடைசி வரிக்கு வந்தது. காலஞ்சென்ற சிவநேசன்.

"பேரனெண்டால் சின்னப் பொடியனல்லோ. எப்ப போனவன்?" என்றார்.

நான் எழுத்துப் பெட்டியைத் துடைக்கத் தொடங்கினேன். தம்பி, கேட்டது காதில் விழவில்லையா என்றார். எழுதியிருக்கிறபடிதான் ஐயா என்றேன். என் முகத்தைப் பார்த்தார். விரல் அந்தப் பெயரின் கீழேயே நின்றது. பிறகு தாளை மேசையில் வைத்தார். அவர் அப்படி வைத்ததை அதற்கு முன் நான் கண்டதில்லை. மூலையில் எழுத்து வைக்காமல் கிணற்றடிக்குப் போய்க் கை கழுவினார், திரும்பி வந்து வேறு வேலையைத் தொடங்கினார். தாளை மெசினுக்குக் கொடுத்தவன் நான்.

முப்பத்தோராம் நாள் பரமேசுவரி சண்டிலிப்பாய்க்கு வந்தா. புத்தகத்தைக் கையில் வாங்கியதும் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, ‘பரமேசுவரியின் அன்புத் தாயாரும்’ என்ற வரியை விரலால் தடவினா. அதற்குள் பெண்கள் அடுத்த வரியைக் கண்டுவிட்டார்கள். மகனும் போய்விட்டானா என்று கட்டிப் பிடித்துக் கேட்டார்கள். கடல் கடக்கும்போது வள்ளம் கவிழ்ந்தது, உடல் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தா. எனக்கு வைத்த சோற்றை இலையோடு மடித்துவிட்டு எழுந்தேன். பின்னேரத்துக்குள் அந்தப் புத்தகம் வலிகாமத்திலும் தென்மராட்சியிலும் நூறு வீட்டுக்காவது போயிருக்கும்.

நாலாம் நாள் இரண்டு பேர் அச்சகத்துக்கு வந்தார்கள். மரியாதையாகத்தான் வந்தார்கள். ஒருவர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். மற்றவர் புத்தகத்தை விரித்து என் மேசையில் வைத்தார்.

"ஐயா, உந்தச் சொல்லைப் போடச் சொன்னது ஆர்?"

மெசின் நின்றுவிட்டது. உள்ளறையில் இருந்த புலவர் வெளியே வரவில்லை. எனக்குச் சொல்ல எத்தனையோ பதில் இருந்தது. ஊரில் எல்லோரும் சொன்னார்கள் என்றிருக்கலாம், கோயிலில் கேட்டேன் என்றிருக்கலாம், நானே விசாரித்து எழுதினேன் என்றிருக்கலாம். அதெல்லாம் பிறகு, வீட்டில் கிணற்றடியில் இருந்தபோது வரிசையாக வந்தது. அந்த நேரத்தில் வாயில் வந்தது ஒன்றுதான்.

"தாய் சொன்னவ."

நன்றி ஐயா என்று சொல்லிவிட்டுப் போனார்கள். போன திசை எனக்குத் தெரியும். சைக்கிளை எடுத்துக்கொண்டு குறுக்குப் பாதையால் ஓடியிருந்தால் அவர்களுக்கு முன் போயிருக்க முடியாதுதான். ஆனால் நான் சைக்கிளைத் தொடவுமில்லை. ஆறு நாள் ஒவ்வொரு காலையும் பத்திரிகையை எடுத்து மரண அறிவித்தல் பக்கத்தைப் பார்த்துவிட்டு மடித்தேன். ஏழாம் நாள்தான் அவவுடைய படலையைத் திறந்தேன்.

உயிரோடு இருந்தா. குரல் அடைத்துப்போய் இருந்தது. வந்தவர்கள் வாசலில் நின்று மகன் எப்போது செத்தான் என்று கேட்டதும், அவ நிலத்தில் விழுந்து ஒப்பாரி வைத்திருக்கிறா. அவர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

"அவையளுக்காகத்தான் அழத் தொடங்கினனான், அண்ணை. போனாப் பிறகும் நிப்பாட்ட ஏலாமல் போச்சு. பக்கத்து வீட்டுச் சனம் வந்து பிடிச்சது."

அவர்களை அனுப்பியது நான்தான் என்று சொன்னேன். தெரியும், அவர்களே சொன்னார்கள் என்றா. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பையன் அவர்கள் வருவதற்கு முதல் நாளே புறப்பட்டுவிட்டானாம்.

எத்தனையோ மாதம் கழித்து அச்சகத்துக்கு வந்து, மெசின் சத்தத்துக்குள் என் காதுக்குக் கிட்டக் குனிந்து, "சேர்ந்திட்டான்" என்று சொல்லிவிட்டுப் போனா. அதன் பிறகு வருடத்தில் ஒரு தரமோ இரண்டு தரமோ வருவா. அவனிடமிருந்து காகிதம் வந்தது என்பா. அங்கே வேலை கிடைத்தது என்பா. ஊரில் இதைச் சொல்ல அவவுக்கு வேறு ஆளில்லை. ஊருக்கு அவ பிள்ளையைப் பறிகொடுத்த தாய். நல்ல காரியங்களில் முன்னுக்கு நிற்கவும் கூப்பிடமாட்டார்கள். நான் தலையை ஆட்டுவேன், யாராவது கேட்கிறார்களோ என்று வாசலைப் பார்ப்பேன்.

தொண்ணூற்று நாலில் பரமேசுவரி காய்ச்சலில் போய்விட்டா. மருந்து தட்டுப்பாடான காலம். புலவரும் இல்லை, பாட்டும் பட்டியலும் நானே பார்த்தேன். வெள்ளைத் தாள் கிடைக்காமல் கோடு போட்ட கொப்பித் தாளில் அடித்துக்கொண்டிருந்தோம். விபரம் எடுக்கப் போனேன். தமையன் முறையான கணேசு என்பவர்தான் கொள்ளி வைத்தவர். வீடு நிறைய ஆட்கள். பிள்ளைகள் யார் என்று வழக்கப்படி கேட்டேன்.

"ஒரே மகன். அவர் முன்னமே காலஞ்சென்றவர்" என்றார் கணேசு. சந்தேகமென்றால் பாருங்கள் என்று உள்ளேயிருந்து அன்னமுத்துவின் கல்வெட்டைக் கொண்டுவந்து, கடைசிப் பக்கத்தை விரித்து என் மடியில் வைத்தார். நான் அடித்த புத்தகம்.

இல்லை, அவன் இருக்கிறான் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள். ஐந்து வருடமாகத் தெரிந்துகொண்டு பொய் அடித்தவன் என்பார்கள். முன்பு அச்சகத்துக்கு வந்த இரண்டு பேரின் காதுக்கும் போகும், அவர்கள் இப்போது எங்கே, யாரோடு என்று யாருக்குத் தெரியும். அவ்வளவையும் ஒரு மூச்சு நேரத்துக்குள் யோசித்தேன். பிறகு பேனையைத் திறந்து எழுதினேன். காலஞ்சென்ற சிவநேசனின் அன்புத் தாயாரும். எழுத்து நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த வருடம் கொழும்பிலிருந்து வந்த ஒருவர் என் கையில் ஒரு காகிதம் தந்தார். சிவநேசன் எழுதியிருந்தான். அம்மாவின் கல்வெட்டு அங்கே இருக்கிற ஒரு சொந்தக்காரர் மூலம் கிடைத்தது என்றும், கோடு போட்ட தாளில் படம் தெளிவாக விழவில்லை, நல்ல படம் இருந்தால் அனுப்ப முடியுமா என்றும் கேட்டிருந்தான். பிறகு இரண்டு வரி: ‘நான் உயிரோடு இருப்பது ஊரில் ஒருவருக்குத் தெரியும், நீ யோசிக்காதே என்று அம்மா ஒவ்வொரு காகிதத்திலும் எழுதுவா. அது நீங்கள்தானே ஐயா?’

படத்தைத் தேடி எடுத்து அனுப்பினேன். அந்தக் கேள்விக்குப் பதில் எழுதவில்லை. முதல் தரம் அந்தச் சொல்லை அவனைப் பெற்றவள் கேட்டாள், போட்டேன். இரண்டாம் தரம் பொய் எழுது என்று என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை, தேடி ஒருவரும் வரவில்லை. நானாகத்தான் எழுதினேன்.